முகட்டுப் பாத்தியில் முகட்டைக் காணோம்

அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஸ்கேல் இருக்கும். மரத்தில் செய்தது, முனை தேய்ந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் பொறுத்துக்கொள்வார். முன்னால் நிற்பவரின் காலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் பொறுக்கமாட்டார். "சார், ஒரு நிமிஷம்" என்று அதை மடக்கிவிட்டுத்தான் இறங்குவார். வனத்துறை நாற்றங்காலில் அவரைத் தெரியாதவர் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுபவரும் இல்லை. பெரிய அதிகாரி முதல் தண்ணீர் பாய்ச்சுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்கேல் அக்கா.

அங்கே அவர் மேற்பார்வையாளர். பாத்தியின் ஒரு முனையில் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். முதல் கன்று தனக்குப் பின்னால் நிற்கிற அத்தனை கன்றுகளையும் மறைக்க வேண்டும். இடையில் ஒரு இலை எட்டிப் பார்த்தால் போச்சு. வாரக் கடைசியில் தரம் பிரிப்பார். குட்டை, கோணல், சோம்பேறி என்று மூன்று வகைக் குற்றம். தீர்ப்பு மட்டும் ஒன்றுதான், சாக்குப்பை.

வீட்டிலும் அதே ஆட்சி. அலமாரியில் கோப்பைகளின் காதுகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கும். படிக்க வெளியூர் போன மகள் ஹாஸ்டலிலிருந்து அனுப்பிய முதல் செய்தி: "அம்மா, இங்க யாரும் செருப்ப ஜோடி சேத்து வைக்கறதே இல்ல. ரொம்ப நிம்மதியா இருக்கு."

அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த கணவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். அவர் கடையில் சுவர் நிறையக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி காட்டும். கல்யாணமான புதிதில் ஸ்கேல் அக்கா அந்தக் கடைக்குள் ஒருமுறை நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"என்னங்க, எல்லாத்தையும் ஒரே டைம்ல வைக்கக் கூடாதா?"

"அததுக்கு அதது வயசு. அது ஓடற ஓட்டத்துல ஓடட்டும், விடு."

"தலை சுத்துது எனக்கு."

"அப்ப வாசல்லயே நில்லு."

அன்றிலிருந்து வாசலோடு சரி. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் உண்டு என்பதும், உடைந்த பல்சக்கரத்தைக்கூட அவர் தூக்கிப் போடாமல் அங்கே குவித்து வைத்திருக்கிறார் என்பதும் ஊருக்கே தெரியும். ஸ்கேல் அக்காவுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் போய்ப் பார்க்கவில்லை.

இந்த இருவரின் குடித்தனம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மலை முகட்டு விதைகள் வந்து சேர்ந்தன.

கொண்டுவந்தவள் ஆய்வகத்துப் பெண். நாற்றங்காலில் அவளுக்கு இலைத் திருடி என்று பெயர். எந்த மரத்தைப் பார்த்தாலும் ஒரு இலையைக் கிள்ளி, சின்னப் பொட்டலத்தில் போட்டுக்கொள்வாள். புதுச் செருப்புப் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்ச ஒரு மணிப்பொட்டலம் இருக்குமே, அதே மணிகள் அவள் பொட்டலத்திலும் இருக்கும். இலை அதில் காய்ந்து மொடமொடவென்றாகிவிடும். ஆய்வகத்தில் அதை அரைத்து, எந்த மரம் எந்த மரத்துக்குச் சொந்தம் என்று சொல்லிவிடுவாள். பேசுவதைவிடச் சிரிப்பது அதிகம்.

"அக்கா, பள்ளத்துல நிக்கறதும் முகட்டுல நிக்கறதும் ஒரே ஜாதி மரம். ஆனா ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல. நடுவுல அவ்ளோ பெரிய பாறை. மகரந்தம் தூக்கற பூச்சிக்கு அவ்வளவு தூரம் வர வண்டிக் கூலி யார் குடுக்கறது? அதனால அது தனிக் குடும்பம், இது தனிக் குடும்பம்."

"சரி மேடம்."

"பள்ளத்து மரமெல்லாம் ஏறக்குறைய ஒண்ணு போல இருக்கும். முகட்டுல அப்படி இல்ல. ஒரே குடும்பத்துக்குள்ளயே ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. ஒண்ணு காத்துக்கு வளையும், ஒண்ணு வெயில்ல இலைய உதுத்துட்டு உக்காந்துக்கும், ஒண்ணு லேட்டா முளைக்கும். எது எப்ப கைகொடுக்கும்னு இன்னிக்குத் தெரியாது. அதான் ஒரே மரத்துல வழிச்சு எடுக்காம, தள்ளித் தள்ளி நிக்கற மரமா பாத்து எடுத்தோம். ஒவ்வொரு தாய் மரத்துக்கும் தனிப் பை. இதுல மட்டும் தரம் பிரிக்கக் கூடாது. குட்டையோ கோணலோ, கை வைக்காதீங்க."

"சரி மேடம்" என்றார் ஸ்கேல் அக்கா மறுபடியும். அவர் கண் அவளுடைய மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தானில் இருந்தது என்பது உண்மை. ஆனால் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது.

விதைகள் இரண்டு இறக்கைகளோடு பம்பரம் மாதிரி இருந்தன. அந்த மரம் வருஷா வருஷம் காய்க்காது. பல வருஷம் சும்மா நிற்கும், பிறகு காடு மொத்தமும் ஒரே சமயத்தில் காய்த்துக் கொட்டும். விதையைச் சேமித்து வைக்கவும் முடியாது, காய்ந்தால் செத்துவிடும். வந்த அன்றே விதைத்தார்கள். பள்ளத்து விதைக்கு ஒரு பாத்தி, பக்கத்திலேயே முகட்டு விதைக்கு ஒரு பாத்தி.

பள்ளத்துப் பாத்தி அணிவகுப்பு மாதிரி எழுந்தது. முகட்டுப் பாத்தி பள்ளிக்கூடம் விட்ட நேரம் மாதிரி எழுந்தது. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம், அதற்கடுத்தது இன்னும் மண்ணுக்குள்ளேயே தூக்கம். ஒன்றின் தளிர் சிவப்பு, ஒன்றின் தளிர் வெளிர்மஞ்சள். ஒன்று பக்கத்துப் பாத்தியை எட்டிப் பார்த்து வளைந்திருந்தது.

ஸ்கேல் அக்கா முதலில் சுற்றுவழியாக நடந்து பார்த்தார். பிறகு பச்சை வலையை இழுத்து மறைத்துப் பார்த்தார். தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன ஸ்கேல் அக்கா, அந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கமாட்டேங்கறீங்க? கடன்காரன் யாராவது நிக்கறானா?"

"உங்க வேலையப் பாருங்க. குழாய் சொட்டுது."

அந்தச் சமயம் பார்த்துத்தான் சிறந்த நாற்றங்காலுக்கு விருதுப் பலகை தரப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. மேலிடத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள். ஸ்கேல் அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஒரு நாள் ஒன்றே ஒன்றை எடுத்தார். ரொம்பக் கோணல் அது, வைத்திருந்தாலும் பிழைக்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எடுத்ததும் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இளித்தது. கோணல் கன்றைவிட ஓட்டை அசிங்கம். பள்ளத்துப் பாத்தியில் உபரிக் கன்றுகள் இருந்தன. நிமிர்ந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஆஹா! அதன் அழகுக்குப் பக்கத்தில் நின்ற குட்டை இப்போது இன்னும் குட்டையாகத் தெரிந்தது. அதையும் எடுத்தார். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்த கதைதான். வாரம் போகப் போக முகட்டுப் பாத்தி நிமிர்ந்துகொண்டே வந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டரில் கூட்டிப்போக வரும் கணவரிடம் சாக்குப்பையைக் கொடுப்பார். மனைவியை வீட்டில் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்புகிற வழியில்தான் உரக்குழி.

"போற வழியில கொட்டிடுங்க."

"உசுரோட இருக்கே."

"கழிச்சது. கொட்டுங்க."

"சரி சரி."

பார்வையிட வந்தவர்கள் மயங்கிப்போனார்கள். குழுத் தலைவர் பாத்தி முனையில் குனிந்து, தானே ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். பலகை வந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சுவரில் மாட்டினார் ஸ்கேல் அக்கா. அந்தக் கட்டடத்திலேயே கோணாத பொருள் அது ஒன்றுதான்.

கோடையில் முகட்டில் தீப்பிடித்தது.

காய்ந்த புல்லில் பிடித்துக் காற்றோடு ஏறிய தீ, பாறைக்கு மேலே இருந்த எதையும் விடவில்லை. அணைந்து சில நாள் கழித்து இலைத் திருடி வந்தாள். செருப்பெல்லாம் கரி, முகத்தில் சிரிப்பு இல்லை. முகட்டுப் பாத்திக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தாய் மரம் ஒண்ணுகூட மிஞ்சல அக்கா. இனிமே முகடுன்னா இந்தப் பாத்திதான். மழை வந்ததும் இதத்தான் மேல கொண்டுபோய் நடணும்."

ஸ்கேல் அக்கா பாத்தி ஓரத்து மண்ணைத் தட்டிச் சமன் செய்தார். "பள்ளத்துக் கன்ன நட்டா ஆகாதா மேடம்? அதுவும் அதே மரந்தானே?"

"நடலாம். முகட்டு வெயில்ல எத்தன நாளைக்கு நிக்கும்? பள்ளத்துல ஈரத்துலயே வளந்த வம்சம் அது." அவள் பாத்தியை மேலும் கீழும் பார்த்தாள். "என்னக்கா இது, எல்லாம் ஒரே மாதிரி நிக்குது?"

"நல்ல வளர்ப்பு மேடம்."

அவள் பொட்டலங்களை எடுத்தாள். ஸ்கேல் அக்கா குறுக்கே வந்தார். "இந்தப் பாத்தியில கிள்ளாதீங்க மேடம். மருந்து அடிச்சிருக்கேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

இலைத் திருடி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு கன்றிலும் ஒரு இலை கிள்ளினாள். அடுத்த வாரம் முடிவு வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று வீட்டில் ஸ்கேல் அக்கா கழுவி வைத்த கோப்பைகளில் ஒன்றின் காது தப்பான திசையைப் பார்த்தது. கணவர் அதைப் பார்த்தார். மனைவியின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

"கோப்பை திரும்பியிருக்கு. ஒண்ணுமில்லங்கறே."

மறுநாள் மத்தியானம், வேலை நேரத்தில், ஸ்கேல் அக்கா கடிகாரக் கடை வாசலில் வந்து நின்றார். பிறகு, பல வருஷத்துக்கு அப்புறம், உள்ளே நுழைந்தார். கடிகாரங்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக மணியடித்தன. அத்தனை சத்தத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மேடம் தடுத்தது, தான் எடுத்தது, ஓட்டையை அடைத்தது, பலகை வாங்கியது, எல்லாம்.

"ஒரு மலையையே சாக்குப்பைல அள்ளிக் கொட்டச் சொல்லிட்டேங்க" என்றார்.

கணவர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து பின்கதவைத் திறந்தார்.

முற்றத்தில் காடு நின்றது. மூக்கு உடைந்த கெட்டிலில் ஒன்று. ஒற்றைக் கால் ஷூவில் ஒன்று. விரிசல் விட்ட ஹெல்மெட்டைத் தலைகீழாக வைத்து அதில் மூன்று. பெயின்ட் டப்பா, பால் டப்பா, பிடி போன வாளி, ஊசல் கடிகாரத்தின் மரப்பெட்டி. எது எதில் மண் நிற்குமோ அது அதில் எல்லாம் கன்றுகள். குட்டையும் கோணலுமாக, பச்சையும் மஞ்சளுமாக.

"கொட்டச் சொன்னேனே!" கோபத்தில் சொன்னாரா சந்தோஷத்தில் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஓடாத ஸ்பிரிங்கையே நான் தூக்கிப் போடமாட்டேன். இது வளருதே. உனக்குத் தெரிஞ்சா திட்டுவேன்னுதான் சொல்லல." அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் செத்துப்போச்சு. ஒரு தடவ ஊருக்குப் போயிட்டோமே, தண்ணி விட ஆள் இல்ல."

ஸ்கேல் அக்கா கெட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் முதன்முதலில் எடுத்த கோணல் கன்று அது. இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

"ஒண்ணு செய்வோமா?" என்றார் கணவர் குரலைத் தாழ்த்தி. "ஆள் இல்லாத நேரமா போய், பழையபடி பாத்தியில வச்சிடுவோம். யாருக்குத் தெரியப்போவுது?"

ஸ்கேல் அக்கா அந்த யோசனையைக் கொஞ்சம் சப்பிப் பார்த்தார். இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார். "எது எந்தத் தாய் மரத்தோடதுன்னு நமக்குத் தெரியாது. இஷ்டத்துக்கு வச்சா அதுவும் பொய். நான் அழகா வச்சதாலதானே இந்த வினை. வண்டி புடிங்க."

காய்கறித் தள்ளுவண்டி ஒன்று இரவலாகக் கிடைத்தது. கெட்டிலும் ஷூவும் ஹெல்மெட்டும் ஊர்வலமாகத் தெருவில் போயின. டீக்கடை வாசலில் நின்றவர்களுக்குப் பொழுது போயிற்று.

"என்ன கடிகாரம், பழைய இரும்புக் கடை வச்சிட்டியா?"

"ஷூ என்ன விலை? இன்னொரு காலு முளைச்சதும் சொல்லு, வாங்கிக்கறேன்!"

கணவர் சிரித்துக்கொண்டே தள்ளினார். ஸ்கேல் அக்கா வண்டியைப் பிடித்தபடி நேராகப் பார்த்து நடந்தார். வண்டியில் எதையும் உயர வாரியாக அடுக்கவில்லை. அடுக்கத் தோன்றவே இல்லை என்பதைப் பாதி வழியில்தான் கவனித்தார்.

நாற்றங்காலில் பெரிய அதிகாரியும் இலைத் திருடியும் தீப்பிடித்த முகட்டின் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வண்டி நின்றது. அதிகாரி கெட்டிலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"முகடு சார்."

சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னார் ஸ்கேல் அக்கா. சொல்லிமுடிக்கும்வரை சேலை மடிப்பைத் தொடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த இலைத் திருடியின் முகம் சிவந்தது.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனே அக்கா. எத்தன தடவ சொன்னேன்!"

"சொன்னீங்க. கேட்டுக்கிட்டுத்தான் செஞ்சேன்."

அதற்குமேல் திட்ட இடமில்லாமல் போய்விட்டது. இலைத் திருடி மண்ணிலேயே உட்கார்ந்து, ஷூவில் இருந்த குட்டைக் கன்றை மண்ணோடு மெல்ல உருவிப் பார்த்தாள். மேலே விரல் நீளம். கீழே வேர் ஷூவுக்குள் நடந்து நடந்து, குதிகால்வரை போய்த் திரும்பி, மறுபடி முன்னால் வந்திருந்தது.

"இதான் சோம்பேறியா?" என்றாள்.

ஸ்கேல் அக்கா பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வேருக்குப் பக்கத்தில் வைத்தார். ஸ்கேல் போதவில்லை.

பாத்தியின் முடிவும் வண்டியின் முடிவும் சேர்ந்தே வந்தன. இலைத் திருடி படித்தாள். "உங்க முகட்டுப் பாத்தியில முகட்டையே காணோம் அக்கா. பேருக்கு நாலஞ்சு. மத்தது பூரா பள்ளத்துப் பிள்ளைங்க, அதுலயும் பாதி ஒரே தாய்க்குப் பொறந்தது." வண்டியில் வந்தவை அப்படியில்லை. கெட்டில் ஒரு தாய்க்கு, ஷூ ஒரு தாய்க்கு, ஹெல்மெட்டில் இருந்த மூன்றும் மூன்று தாய்க்கு. முற்றத்திலிருந்து வந்த ஒரு செடியை மட்டும் அவள் பரிசோதிக்கவே இல்லை.

"இது மிளகாய்ச் செடி."

"அது நம்ம வீட்டுக்கு வச்சது" என்றார் கடிகாரக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். இலைத் திருடிகூட. பிறகு அவள் தாளைத் திருப்பினாள். முகட்டில் விதை எடுத்த சில மரங்களுக்கு இப்போது எங்கேயும் ஒரு பிள்ளைகூட இல்லை. தண்ணீர் இல்லாமல் செத்தவற்றில் இருந்திருக்கலாம், கடிகாரக்காரர் கண்ணில் படாமல் சாக்குப்பையிலேயே மக்கிப்போனவற்றில் இருந்திருக்கலாம். சிவப்புத் தளிர் வகை மொத்தமும் அதில் அடக்கம். அது இனி இல்லை. ஸ்கேல் அக்கா எழுந்து போய்ச் சுவரிலிருந்த பலகையைத் தானே கழற்றினார்.

மேற்பார்வை வேறொருவருக்குப் போயிற்று. ஸ்கேல் அக்காவுக்கு முகட்டுக் கன்றுகள் மட்டும் மிஞ்சின. ஆளை மாற்றிவிடலாம் என்றுதான் அதிகாரி சொன்னார். இலைத் திருடி விடவில்லை. "ஒவ்வொண்ணும் எப்படி எப்படி வேற மாதிரி வளருதுன்னு வாரா வாரம் அளக்கணும் சார். அதுக்கு இவங்களவிட்டா ஆள் இல்ல." ஸ்கேல் அக்கா அளந்தார். முன்பு கழிப்பதற்கு அளந்த அதே கை. கெட்டில் இன்னும் கெட்டிலாகவும் ஷூ இன்னும் ஷூவாகவும் வரிசையில்லாமல் நின்றன. வேர் நோகும் என்பதால் நடும் நாள்வரை எதையும் மாற்றவில்லை. தண்ணீர் பாய்ச்சுகிறவர் தினமும் கேட்டார், "அக்கா, கெட்டில் கொதிச்சிடுச்சா?"

மழை வந்தது. கன்றுகளோடு முகட்டுக்கு ஏறினார்கள். கரிந்த அடிமரங்களுக்கு நடுவே பச்சைப் புல் அரும்பியிருந்தது. அங்கே இலைத் திருடி அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"வரிசையா நடக் கூடாது. காடு எப்படி நின்னுச்சோ அப்படி. ஒரே தாய்க்குப் பொறந்தத பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. மத்தபடி இஷ்டம் போல."

ஸ்கேல் அக்கா இஷ்டம் போல ஒரு குழி காட்டினார். இஷ்டம் போல இன்னொன்று. மூன்றாவதைக் காட்டியதும் குழி தோண்டுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். அப்போதும் கோடு.

"தள்ளு, நான் போடறேன்" என்றார் கடிகாரக்காரர். சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி பழைய பல்சக்கரங்களை எடுத்து, திரும்பி நின்று, தோளுக்குப் பின்னால் வீசினார். ஒன்று பாறையில் பட்டுத் தெறித்தது, ஒன்று புல்லுக்குள் போயிற்று, இரண்டு அடுத்தடுத்து விழுந்தன, ஒன்றை அப்புறம் தேடித்தான் எடுத்தார்கள். விழுந்த இடமெல்லாம் குழி. ஓடாத கடிகாரங்களுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

கடைசியாகக் கெட்டில் கன்று. அதற்கான சக்கரம் ஒரு மேட்டின் ஓரத்தில் கிடந்தது. ஸ்கேல் அக்கா பார்த்தார். பக்கத்துக் குழிக்கும் அதற்கும் நேர் வர ஒரு விரற்கடைதான் பாக்கி. சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. செருப்பு நுனியால் சக்கரத்தை மெல்லத் தள்ளினார்.

நேராக வந்துவிட்டது. அழகாக இருந்தது.

கொஞ்ச நேரம் அதை அப்படியே ரசித்துவிட்டு, அதே செருப்பு நுனியால் பழைய இடத்துக்கே தள்ளினார்.

"இங்கதான், தோண்டுங்க" என்றார்.